“எஞ்சின்தான் சார் கெத்து” என்று சொல்லி ஆர்சி விமானம் விற்பவர்களிடம் உஷார்

கோவையில் ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் விற்கும் ஒரு கடை. பெயர் வேண்டாம். “எலெக்ட்ரிக் எல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு சார்” என்று பேசிப் பேசியே, 46 அளவு (7.5 சிசி) குளோ எஞ்சின், அதாவது மெத்தனால் எரிபொருளில் ஓடும் குட்டி எஞ்சின் போட்ட பால்சா மர ட்ரெய்னர் (பழகுபவர்களுக்கான விமானம்) ஒன்றை என் தலையில் கட்டினார்கள். ஓரிரு தடவைதான் பறந்ததாம்.

வீட்டில் சைலன்சரைக் கழற்றினால் பிஸ்டன் மேல், எரிபொருளில் கலக்கும் ஆமணக்கெண்ணெய் பழுப்பாக, வார்னிஷ் அடித்தது போல் இறுகிக் கிடக்கிறது. ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் பேரிங் கரகரவென்கிறது. நல்ல 7.5 சிசி எஞ்சின் என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுக்கிப் பிடிக்கும். இது அந்தப் பிடிப்பே இல்லாமல் சுற்றுகிறது. மெத்தனால் ஈரத்தை இழுக்கும். பறந்து முடித்ததும் மிச்ச எரிபொருளை ஓட்டித் தீர்க்காமல், எஞ்சினுக்குள் எண்ணெயும் விடாமல் போட்டுவைத்தால் உள்ளே துருதான்.

எரிபொருள் கொடுத்த லட்சணம் இன்னும் மோசம். லேபிள் இல்லாத தண்ணீர் பாட்டில்! எண்ணெய் எத்தனை சதவீதம், நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) எத்தனை என்றால் “நல்ல மிக்ஸ் சார்” என்பதுதான் பதில். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் போச்சு, அது கிடக்கட்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் யாராவது தண்ணீர் என்று நினைத்து எடுத்துக் குடித்தால்? 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். தமிழ்நாட்டில் இதை விற்க, வைத்திருக்க உரிமம் வேண்டும். ரசீது கேட்டேன், தரவில்லை.

சண்டை போட்டதும், “சரி, எலெக்ட்ரிக்காக மாத்தித் தர்றோம்” என்று கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு சின்ன மோட்டாரும் 3 செல் 2200 எம்ஏஎச் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் மாட்டினார்கள். இரண்டரைக் கிலோ விமானத்துக்கு! ட்ரெய்னருக்குக் கிலோவுக்கு நூற்றைம்பது முதல் இருநூறு வாட் வேண்டும். இது மொத்தமே முந்நூறு வாட்டைத் தாண்டினாலே பெரிது. தரையில் உருண்டது, எழும்பவில்லை. பேட்டரியை முழுக்க இறக்கிச் சார்ஜ் ஏற்றினால் 1400 எம்ஏஎச்-ஐத் தாண்டவில்லை. நிஜமான 2200 லிபோ சுமார் 180 கிராம் இருக்கும், இது 130. அடுத்த வாரமே உப்பிக்கொண்டது.

எஞ்சினைக் குறை சொல்லவில்லை. அந்தச் சத்தமும் புகை வாசமும் தனிச் சுகம். டேங்கை நிரப்பினால் உடனே அடுத்த சுற்று. ஆனால் பழகும் ஆளுக்கு நம்மூரில் ஃபோம் விமானமும் எலெக்ட்ரிக்கும்தான் தோது. எரிபொருளுக்கு அலைச்சல் இல்லை, இறக்கையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் ப்ரொப்பெல்லரைச் சுற்றிப் பாருங்கள். பேட்டரியைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சார்ஜரில் காட்டச் சொல்லுங்கள். முழுச் சார்ஜில் 4.2, சும்மா வைத்திருந்தால் 3.8 பக்கம் இருக்க வேண்டும். “அதெல்லாம் கரெக்டா இருக்கும் சார்” என்று மழுப்பினால் கிளம்பிவிடுங்கள்.

பணம் இன்னும் வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.