பெரிய டர்போ, குறைந்த பூஸ்ட்: டியால் 44 மி.மீ. வேஸ்ட்கேட் என் வண்டியில்

டியால் எம்விஆர் 44 வேஸ்ட்கேட்டை (டர்போவுக்குப் போகும் புகையில் மிச்சத்தைத் திருப்பிவிடும் வால்வு) என் பழைய ஸ்கோடா ஆக்டேவியா காரில் மாட்டி, சேலத்து வெயிலிலும் ஏற்காடு மலைப்பாதையிலும் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். பெரிய டர்போ போட்டும் பூஸ்டை, அதாவது டர்போ என்ஜினுக்குள் தள்ளும் கூடுதல் காற்றழுத்தத்தை, குறைவாகவே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

வண்டி 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், சிலிண்டருக்கு 5 வால்வு. முந்தைய ஓனர் கம்பெனி டர்போவைக் கழற்றிவிட்டு கேரட் (Garrett) நிறுவனத்தின் ஜிடி28 வகை டர்போவும், வெளியே தனியாக ஒரு 38 மி.மீ. வேஸ்ட்கேட்டும் போட்டிருந்தார். உள்ளே பிஸ்டன், கனெக்டிங் ராட் எல்லாம் கம்பெனியில் வந்தவை. போடுவதும் பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல்தான். அதனால் 0.7 பார் பூஸ்டுக்கு மேல் எனக்கு வேண்டவே வேண்டாம், வேஸ்ட்கேட் வால்வை மூடிப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கும் 0.7தான். ஆனால் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால், 4000 ஆர்பிஎம் வரை ஒழுங்காக நிற்கிற பூஸ்ட் மீட்டர் முள் அப்புறம் மெல்ல ஏறி, 6000-இல் 1.1-ஐத் தொடும். பூஸ்ட் க்ரீப் என்பது இதுதான். வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது, ஆனால் புகை வெளியேற அந்த வழி போதவில்லை. ராட் வளைய இது ஒன்றே போதும்.

பாகம் விற்பவர்களைக் கேட்டால் "300 ஹெச்பிக்குள்ள 38 தாராளம்" என்கிறார்கள். பாதிக் கணக்கு அது. வேஸ்ட்கேட்டின் வேலை, டர்பைனுக்கு (புகை தள்ளிச் சுற்றும் டர்போவின் சக்கரம்) போக வேண்டாத புகையைத் திருப்பிவிடுவது. இதே என்ஜினில் 1.5 பார் வேண்டுமென்றால் பெரும்பகுதி புகை டர்பைன் வழியாகவே போகும், சின்ன கேட்டே சமாளித்துவிடும். 0.7 போதும் என்றால்தான் ஏகப்பட்ட புகையைத் திருப்ப வேண்டும், பெரிய கேட் வேண்டும். 38-லிருந்து 44 என்பது 6 மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். வால்வின் பரப்பு சுமார் 1,134 சதுர மில்லிமீட்டரிலிருந்து 1,520 ஆகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதற்காக 60 மி.மீ. வாங்கி மாட்டுவதும் சரியில்லை. வால்வு இம்மியளவு திறந்தாலே பூஸ்ட் சரிந்து, முள் ஆடிக்கொண்டே இருக்கும்.

கேட் வாங்குவதற்கு முன்னால், சிலிண்டர்களின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டைப் பாருங்கள். என் வண்டியில் வேஸ்ட்கேட் குழாய், புகை போகும் பாதைக்கு நேர் குறுக்காக 90 டிகிரியில் ஒட்டியிருந்தது. சீலநாயக்கன்பட்டி பக்கம் லாரி டர்போ பார்க்கும் ஒரு அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தவுடனே, "வாய்க்கால் தண்ணி நேரா இருக்கிற மடைக்குத்தானே தம்பி மொதல்ல போகும்? இது முதுகைத் திருப்பிக்கிட்டு நிக்குதே" என்றார். நாலு சிலிண்டர் புகையும் சேரும் இடத்தில், போக்கோடு சாய்ந்தபடி குழாயை மாற்றி ஆர்கான் வெல்டிங் வைத்தார். வெல்டிங் உள்பக்கம் விரல் விட்டுத் தடவினால் மேடு தட்டவில்லை, அவ்வளவு சுத்தம். பழைய 38-ஐயே மறுபடி மாட்டியபோது 1.1 என்பது 0.9 ஆக இறங்கியது. மிச்சத்தை இறக்கியது 44.

மாட்டுவதற்கு முன்னால் அதை மேசையில் வைத்து, மீட்டர் உள்ள பம்பால் காற்றடித்துப் பார்த்தோம். 0.7-ஐ நெருங்கும்போது வால்வு பிசிறில்லாமல் எழும்பியது, காற்றை விட்டதும் டக்கென்று உட்கார்ந்தது. என்ஜினில் புகையின் அழுத்தமும் அடியிலிருந்து வால்வைத் தள்ளும் என்பதால் கொஞ்சம் முன்னாலேயே திறக்கும். ஸ்பிரிங்கை நீங்கள் ஓட்ட நினைக்கும் மிகக் குறைந்த பூஸ்டுக்குத் தேர்ந்தெடுங்கள். பூஸ்டைக் கூட்டிவைக்க மாட்டும் பூஸ்ட் கன்ட்ரோலரால் அதற்கு மேலே ஏற்றத்தான் முடியும், கீழே இறக்க முடியாது.

க்ரீப் சோதனையை மலையில் செய்யாதீர்கள். கோவை செட்டிபாளையத்தின் பந்தயத் தடமான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் நாளில்தான் நான் முழுசாக மிதித்தேன். நேர்ப்பாதையின் முடிவு வரை 0.7, முள் அசையவில்லை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் கவனித்தது வேறு: காலை எடுத்து எடுத்து மிதிக்கும்போது பூஸ்ட் குபீரென்று எகிறுகிறதா என்பது. எகிறவில்லை. மேலே ஏரிப் பக்கம் போனதும் வண்டி சற்று மந்தமானது, ஆனால் மீட்டர் அதே 0.7. இது கேட்டின் கோளாறு இல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 0.85 பார் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஸ்பிரிங் அதற்கு மேல் 0.7-ஐத்தான் அனுமதிக்கும். என்ஜினுக்குக் கிடைக்கும் மொத்த அழுத்தம் சேலத்தில் 1.68 பார் என்றால் அங்கே 1.55. அதற்கே டர்போ கீழே சுற்றியதைவிட வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது.

குறை என்றால் விலை, அப்புறம் இடம். கேட்டின் டயாஃப்ரம் (காற்றழுத்தம் தள்ளும் ரப்பர் தகடு) இருக்கும் பக்கம் ரேடியேட்டர் ஹோஸை உரசப் பார்த்ததால் ஹோஸை மாற்றி வளைக்க வேண்டியிருந்தது. வெளியேறும் புகையைத் திறந்துவிடாமல் சைலன்சர் குழாயிலேயே சேர்த்துவிடுங்கள். மலைப்பாதையில் அந்த அலறல் யாருக்கும் ஆகாது. கம்பெனி டர்போவே இருக்கிற வண்டிக்கு இந்தச் செலவு தேவையில்லை, அதற்குள்ளேயே இருக்கும் சின்ன மூடி நன்றாக மூடித் திறக்கிறதா என்று மட்டும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.