மலைச் சைக்கிள் பயணம் என்று 48,000 ரூபாய் போனது: யாழ்ப்பாணத்து ஆட்கள் கவனம்

மலையில் இருந்து திரும்பி ஐந்து நாள் ஆகிறது. அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது. அதைவிட வயிறுதான் எரிகிறது. 48,000 ரூபாய். என்ன பார்த்து ஏமாறாமல் இருக்கலாம் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குத் தெரிந்த மலை கீரிமலைதான், அங்கேயும் கடலும் கேணியும்தான் இருக்கு. அதனால் மாத்தளைப் பக்கத்து நக்கிள்ஸ் மலைக்காட்டுக்குள் இரண்டு நாள் நடையும் மவுண்டன் பைக்கும் என்று ஒரு சுற்றுலாப் பக்கத்தில் பார்த்தவுடன் மச்சானுக்கு ஆசை வந்துவிட்டது. இரத்தோட்டைப் பக்கத்தால் ரிவர்ஸ்டன் வரை வான் வண்டியில் ஏற்றி, அங்கிருந்து சைக்கிளில் இலுக்கும்புறைக்கு இறக்கம், நடுவில் பிட்டவலப் பத்தனைப் புல்வெளியில் நடை. சைக்கிள், ஹெல்மெட், வழிகாட்டி, வனத் திணைக்களச் சீட்டு, சாப்பாடு, இரவு தங்கல் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 12,000. நாங்கள் நாலு பேர்.

எனக்கு முதலில் சந்தேகம்தான். முன்காசாகப் பாதி தரலாமா என்று கேட்டேன். உடனே அந்தப் பக்கத்தை நடத்துகிறவர் வீடியோவில் வந்தார். பின்னால் வரிசையாகப் பளபளவென்று சைக்கிள்கள். "அண்ணை, என்ர அம்மம்மா சாவகச்சேரி. ஊர்ச்சனத்தை நான் ஏமாத்துவனே? நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார். அந்த 'அம்மம்மா'வில் விழுந்தேன். போனை வைத்துப் பத்து நிமிடத்தில் முழுக்காசும் போட்டுவிட்டேன். கணக்கில் வேறு ஒருவருடைய பெயர் இருந்தது. பார்த்தேன், பார்த்துவிட்டும் போட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரவு பஸ்ஸில் வெளிக்கிட்டு விடிய நாலரைக்கு மாத்தளையில் இறங்கினோம். ஆறு மணிக்கு வரவேண்டிய வான் ஒன்பது இருபதுக்கு வந்தது. உள்ளே மூன்று சைக்கிள், நாலு ஹெல்மெட், பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெடியன். நாலாவது சைக்கிள் எங்கே என்றால், "மாறி மாறி ஓடலாம்தானே". ரிவர்ஸ்டனில் காற்று ஆளைத் தள்ளியது. அங்கே எங்களை நிறுத்திப் படம் எடுத்தான். நாங்களும் பல்லைக் காட்டினோம்.

இறக்கம் தொடங்கி இரண்டாவது வளைவில் மச்சானின் சைக்கிள் கத்தியது. நிற்கவில்லை. காலை ஊன்றி, மண் திட்டில் சரிந்துதான் நின்றான், முழங்கை உரிந்துவிட்டது. பின் பிறேக் கட்டையில் றப்பரே இல்லை. உள்ளே இருந்த இரும்பு உரசி உரசி றிம்மில் வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. முன் பிறேக் கம்பி அறுந்ததைப் பிளாஸ்டிக் பட்டியால் கட்டி வைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிற சைக்கிளைக்கூட நாங்கள் இப்படி வைத்திருக்கமாட்டோம்.

மிச்சத்தை உருட்டிக்கொண்டே நடந்தோம். பத்தனைக்குப் போனால் சீட்டு எடுக்கவில்லை, எங்கள் கையால்தான் எடுத்தோம். தங்குமிடமும் பதியவில்லை. பெடியன் பாவம், "எனக்கு ஒரு நாளைக்குத்தான் சொன்னவர்" என்று தலையைச் சொறிந்தான். பின்னேரம் மழையோடு மாத்தளைக்குத் திரும்பினோம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கூத்து. காசைத் திருப்பித் தரச்சொல்லி அவருக்குப் போன் எடுத்தேன். முதலில் "சிக்னல் இல்லை அண்ணை". பிறகு "திங்கள் வங்கி திறக்கட்டும், போட்டுவிடுறன்". செவ்வாய் ஒரு பெண் எடுத்து அவர் குளிக்கிறார் என்றார். மூன்று தரம் எடுத்தேன், மூன்று தரமும் குளித்துக்கொண்டுதான் இருந்தார். புதன் அவரே எடுத்து, "சைக்கிள் ஓடினனீங்கள்தானே, பிறகென்ன காசு?" என்றார். 48,000 ரூபாயைச் சொன்னேன். வைத்துவிட்டார். அன்றிரவே என் இலக்கத்தைத் தடுத்தும்விட்டார்.

அறிவுரை எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. முழுக்காசையும் முன்னால் போடாதேங்கோ. கணக்குப் பெயர் வேறாக இருந்தால் விட்டுவிடுங்கோ. சைக்கிளில் ஏற முதல் இரண்டு பிறேக்கையும் பிடித்துத் தள்ளிப் பாருங்கோ. சீட்டுக்கான பற்றுச்சீட்டைக் கேளுங்கோ. அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலில் தடவிக்கொண்டு போங்கோ, அதுவும் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாளை பொலிசுக்குப் போகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தங்கச்சி அனுப்பினாள். அந்தப் பக்கத்தில் அடுத்த மாதப் பயணத்துக்குப் புது விளம்பரம். ஹெல்மெட்டோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நாங்கள் நாலு பேரும்தான்.