தைராய்டு மாத்திரை போடும் அம்மா உள்ள வீடுகளுக்கு

அம்மாவுக்கு 61 வயது. பத்து வருஷமாக தைராய்டு மாத்திரை போடுகிறார். போன ஆடியில் எங்கள் தெரு கல்யாண மண்டபத்தில் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் நடந்தது. குதிகாலை ஒரு மெஷினில் வைக்கச் சொல்லி, இரண்டே நிமிஷத்தில் சீட்டு கிழித்துக் கொடுத்து, "எலும்பு அரிச்சுப் போச்சும்மா, விழுந்தா உடைஞ்சிடும்" என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். மூன்று டப்பா கால்சியம் மாத்திரையை 2,400 ரூபாய்க்குத் தலையில் கட்டிவிட்டார்கள். "காலையில வெறும் வயித்துல ரெண்டு போடுங்க" என்றார்களாம். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார். எந்நேரமும் அசதி, மலச்சிக்கல், முகம் உப்பல். புரட்டாசி வெயிலில் போர்வை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால், 3-ல் இருந்த டிஎஸ்எச் (தைராய்டு மருந்து போதாவிட்டால் ஏறும் அளவு) 14.

டாக்டர் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். முன்னால் கொட்டை எழுத்தில் 1250. பின்னால் எறும்பு எழுத்தில், கால்சியம் கார்பனேட் 1250 மி.கி., அதிலுள்ள கால்சியம் 500 மி.கி. முகாமில் சொன்ன அந்த ஒரு வரியில் எல்லாமே தப்பு. கால்சியம் குடலில் தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. நடுவில் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கதைதான். கார்பனேட் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும். ஒரு வேளைக்குக் கால்சியம் 500 மி.கி.க்கு மேல் போனால் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரையைத் தினம் போடுகிறவர்களுக்கு கால்சியம் சிட்ரேட் வகைதான் தோது. கிட்னியில் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் கால்சியம் மாத்திரையைத் தொடவே கூடாது.

இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். லேசான தேய்மானம், அவ்வளவுதான். பயந்து பயந்து மாடிப்படி ஏறாமல் இருந்தாரே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

சீட்டில் இருந்த நம்பருக்குப் பேசினேன். "இயற்கைப் பொருள் சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். பிரிக்காத டப்பாவைக்கூடத் திருப்பி எடுக்கவில்லை.

இப்போது விடிந்ததும் தைராய்டு மாத்திரை, மதியம் சாப்பிடும்போது டாக்டர் எழுதிய கால்சியம் ஒன்று. கேழ்வரகும் மோரும் தினம் உண்டு. போன வாரம் டிஎஸ்எச் 5-க்கு இறங்கியிருக்கிறது.

அதே முகாம் ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவில் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் அம்மா, மாமியார் போவதாக இருந்தால் கூடவே போங்கள். அவர் தினம் போடும் மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துப் போங்கள்.