மேல் இமைக் குழிக்கு ஃபில்லர்: சில ஆண்டுகளுக்குப் பிறகு

புருவ எலும்புக்குக் கீழே மேல் இமையில் விழுந்திருந்த குழியை ஹயலுரானிக் அமில ஃபில்லர் (தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும் ஜெல்) கொண்டு நிரப்பிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மறுவாரப் படங்களை வைத்து இச்சிகிச்சையை எடைபோட முடியாது என்பதால் இப்போது எழுதுகிறேன்.

மருத்துவர் முதலில் விசாரித்தது, கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து போடுகிறேனா என்பதைத்தான். பைமாட்டோபிராஸ்ட், லட்டானோபிராஸ்ட் போன்ற சொட்டுகள் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பை வற்றச் செய்யக்கூடும். அவ்வாறெனில் மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல் கண் மருத்துவரிடம் மாற்று கேட்பதே முறை. இமையைத் தூக்கும் தசையின் பிடிப்பு தளர்ந்து மடிப்பு மேலேறினாலும் குழி ஆழமாகத் தெரியும். அதற்குத் தீர்வு அறுவை சிகிச்சை. எனக்கு இருந்தது வயதோடு வந்த கொழுப்பிழப்பு.

வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை எடுத்து வைக்கும் முறையில் அதில் எவ்வளவு தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. கட்டி தட்டினால் எளிதில் கரைக்கவும் முடியாது. ஃபில்லரையோ ஹயலுரானிடேஸ் ஊசியால் கரைக்கலாம். நான் ஃபில்லரைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். ஆயினும் அப்பகுதியின் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் தமனியோடு தொடர்புடையவை என்பதால், ஃபில்லர் உள்ளே புகுந்து பின்னோக்கிச் சென்றால் பார்வையே பறிபோகலாம். ஊசிக்குப் பதில் மழுங்கிய முனையுள்ள கேனுலா என்ற மெல்லிய குழலைப் பயன்படுத்துவது அந்த ஆபத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. இதை வாய்விட்டுச் சொல்லாத மருத்துவரிடம் கண்ணைக் கொடுக்க வேண்டாம்.

குழியை முழுதும் நிரப்பாமல் சற்றுக் குறையாகவே விட்டார். அன்று அது மனத்தாங்கலாக இருந்தது. ஃபில்லர் நீரை ஈர்க்கும் பொருள் என்பதால், அவர் செய்தது சரி என்று பின்னர் விளங்கியது. இன்றும் உப்புக் கூடுதலாகச் சாப்பிட்ட மறுநாள் காலையில் இமை உப்பி, நண்பகலுக்குள் வடிகிறது. கீழே பார்த்தபடி மை தீட்டும்போது மட்டும் இடது இமையின் உள்மூலையில் மெல்லிய விளிம்பு ஒன்று தட்டுப்பட்டு வந்தது. அதைச் சிறிதளவு ஹயலுரானிடேஸால் கரைத்துக்கொண்டேன். அவ்விடத்தில் பழைய குழி கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

ஓராண்டில் கரைந்துவிடும் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அசைவு குறைந்த இப்பகுதியில் அது அதைவிட நெடுங்காலம் தங்குவதுண்டு. எனக்கும் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. ஆகவே ஆண்டுதோறும் வந்து நிரப்பிக்கொள்ளும்படி வந்த நினைவூட்டல்களை நான் ஏற்கவில்லை.