மாரிக்கு வீட்டுக்குள்ள எந்தச் செடி நல்லம்: ஸ்னேக் பிளான்ட், மணி பிளான்ட், அந்தூரியம், கற்பூரவள்ளி

ஐப்பசி முடிய மழை பிடிச்சா தைப்பொங்கல் மட்டும் நம்மட மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வெயில் காணுறதே பெரிய விசயம். வருசத்து மழையில பெரும்பங்கு இந்த நவம்பர், டிசம்பர், ஜனவரியிலதான் கொட்டுது. உடுப்பு காயாது, சுவரெல்லாம் ஈரம் ஊறிப் போயிருக்கும், பிள்ளைகளுக்கு லீவு, வெளிய இறங்கவும் ஏலாது. இப்பிடி அடைஞ்சு கிடக்கிற நேரத்துல விறாந்தையிலயும் யன்னலடியிலயும் பச்சையா நாலு செடி நிண்டா மனசுக்கு எவ்வளவு ஆறுதல் எண்டு வச்சுப் பார்த்த ஆக்களுக்குத்தான் தெரியும்.

ஆனா எந்தச் செடி எண்டதுலதான் எல்லாரும் குழம்புறது. வின்டர் கெயார் எண்டு போட்டு வாற வீடியோக்கள் முக்கால்வாசி குளிர் நாட்டாக்களுக்குச் செய்தது, அங்க ஹீட்டர் போட்டு வீட்டுக்குள்ள காத்து காஞ்சு போகும், அதனால இலைக்குத் தண்ணி ஸ்பிரே பண்ணுங்க, யன்னல் குளிர்ல இருந்து தள்ளி வைங்க எண்டு சொல்லுவாங்க. நமக்கு அது ஒண்டும் சரிவராது. மட்டக்களப்புல மார்கழியிலயும் பகல்ல 27, 28 டிகிரி இருக்கும், குளிரால ஒரு செடியும் சாகிறல்ல. காத்துல ஈரம் கூட, வெளிச்சம் குறைவு, மண் காயாது, இதுதான் நம்மட மாரி. அதனால நான் பார்க்கிறது மூண்டு விசயம்: ஈரத்தத் தாங்குமா, மங்கின வெளிச்சத்துல நிக்குமா, மறுகா இந்த அடைமழைக்குள்ள நமக்கு ஏதாவது தருமா, ஒரு புது இலையோ பூவோ மணமோ. இந்த மூண்டாவதத்தான் நிறைய பேர் கணக்குல எடுக்கிறல்ல, எனக்கு அதுதான் பெரிசு.

ஸ்னேக் பிளான்ட்ட எடுப்பம். இப்ப பேங்க்லயும் ஒஃபீஸ்லயும் எங்க போனாலும் வாசல்ல நிக்கிறது இதுதான். மேற்கு ஆபிரிக்காச் செடி, நம்மட நாட்டுக் காடுகள்ல வளர்ற மருளும் இதே இனம். வெளிச்சம் குறைஞ்ச மூலையிலயும் நிக்கும், மூண்டு நாலு கிழமை மறந்து போனாலும் ஒண்டும் நடக்காது. எண்டாலும் மாரிக்கு இது லேசான செடி எண்டு சொல்றத நான் ஒத்துக்க மாட்டன். இலைக்குள்ளயும் மண்ணுக்குள்ள ஓடுற கிழங்குலயும் தண்ணியச் சேத்து வச்சுக்கிற செடி இது. காத்தே ஈரமா இருக்கிற காலத்துல கிழமைக்கு ஒருக்கா எண்டு பழக்கத்துக்கு ஊத்திக்கிட்டே இருந்தா அடி அழுகும், அதுவும் மேலுக்குத் தெரியவே தெரியாது, இலை நல்ல வடிவா நிமிந்து நிக்கும், ஒரு நாள் துடைப்பம் கொஞ்சம் பட்ட உடனே அப்பிடியே சரிஞ்சு விழும், அடியப் பார்த்தா மஞ்சளாகி கொழகொழ எண்டு நாறிக் கிடக்கும். மாரி மூண்டு மாசத்துக்கும் மாசத்துக்கு ஒருக்கா தண்ணி காணும், அதுவும் விரல மண்ணுக்குள்ள விட்டுப் பார்த்து காஞ்சிருந்தா மட்டும். இன்னொண்டு, ஓரத்துல மஞ்சள் கோடு ஓடுற ரகத்த இலையத் துண்டு வெட்டி நட்டா வாற கண்டுல அந்த மஞ்சள் வராது, வெறும் பச்சையாத்தான் முளைக்கும், கோடு வேணுமெண்டா கிழங்கோட பிரிச்சு நடணும். வேலைக்குப் போய் இரவுலதான் வீடு வாற ஆக்களுக்கு இது சரி. ஆனா மாரி முழுக்க வச்சது வச்சபடி நிக்கும், புதுசா ஒண்டும் காட்டாது. சாகாம நிக்கிறது மட்டும் எனக்குக் காணாது.

அடுத்தது மணி பிளான்ட். இது இல்லாத வீடு கல்லடியிலயும் இல்ல, காத்தான்குடியிலயும் இல்ல, அக்கரைப்பற்றுலயும் இல்ல எண்டு தைரியமாச் சொல்லலாம். கணுவுக்குக் கீழ ஒரு துண்டு வெட்டி போத்தல்ல தண்ணி விட்டு வச்சா வேர் வந்துரும், காசு செலவே இல்ல, யாரிட்டயும் கேட்டு வாங்கலாம். மங்கின வெளிச்சத்துலயும் இலை விடும், என்ன, புது இலையில மஞ்சள் குறைஞ்சு பச்சை கூடி வரும், யன்னல் பக்கம் கொஞ்சம் நகர்த்தினா மறுபடி மஞ்சள் விழும். மாரிக்குள்ளயும் இது சும்மா இருக்காது, சுருண்டு கூரா வாற புது இலை விரிய விரிய எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும், அதப் பார்த்துக்கிட்டு ஒரு இஞ்சித் தேத்தண்ணி குடிக்கிறதுக்கு ஈடா ஒண்டும் இல்ல. ஒரு கவனம், இந்த இலையக் கடிச்சா வாயெல்லாம் எரிஞ்சு கடிக்கும், அதனால தவழுற பிள்ளையும் பூனையும் இருக்கிற வீட்டுல உயரத்துல வைங்க.

ஆனா இதுல ஒரு பெரிய விசயம் கிடக்கு, அத நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். மாரிதான் நம்மட பக்கம் டெங்கு கூடுற காலம். டெங்கு நுளம்பு குட்டைத் தண்ணியத் தேடிப் போறல்ல, வீட்டைச் சுத்தி இருக்கிற சுத்தமான தண்ணி காணும், ஒரு போத்தல், பூச்சாடிக்குக் கீழ வச்ச தட்டு, அவ்வளவுதான். முட்டை நுளம்பாகிப் பறக்க ஏழெட்டு நாள் காணும், அதனால கிழமைக்கு ஒருக்காவாவது தண்ணிய மாத்தியே ஆகணும், அதுவும் ஊத்திட்டு வேற விடுறது மட்டும் பத்தாது, முட்டை போத்தல்ட உள் சுவர்ல ஒட்டிக் கிடக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், பிரஷ் விட்டு உரஞ்சிக் கழுவணும். பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வாளி, சிரட்டையோட சேத்து இந்தப் போத்தலையும் தூக்கிப் பார்ப்பாங்க, 2007ல வந்த நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்குப் போடவும் ஏலும். வழக்க விடுங்க, நம்மட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா? ஆனபடியா மாரி தொடங்க முதலே போத்தல்ல இருக்கிறத மண்ணுக்கு மாத்துறதுதான் சரி.

எதுல நடுறது எண்டா பிளாஸ்டிக் சாடியா மண்சட்டியா எண்டு யோசிக்கவே தேவயில்ல, எருமைத் தயிர் வாங்கின சட்டி எல்லா வீட்டுக் குசினியிலயும் அடுக்கிக் கிடக்கும். மண்சட்டி சுவரால தண்ணி ஆவியாகிப் போறதால மாரியில கெதியா காயும், வேருக்குக் காத்தும் போகும், அடியில மட்டும் ஆணியால ஆறுதலாத் தட்டி ஓட்டை போட்டுக்கணும், ஒரு இரவு ஊற வச்சிட்டுத் தட்டினா வெடிக்கிறது குறைவு. வாவிக்குக் கிழக்கால கடலோரமா இருக்கிற எழுவான்கரைப் பக்கத்து மணல்ல தண்ணி நிக்காது, அதோட கொஞ்சம் தும்புத்தூளும் மக்கின மாட்டெருவும் காணும். வாவிக்கு மேற்கால படுவான்கரையில வயல் களி எண்டா பாதிக்குப் பாதி மணலும் உமிக்கரியும் கலக்காம நடாதீங்க.

இப்ப அந்தூரியம். இதப் பத்தி ஆக்கள் சொல்றதுக்கு நான் முழுக்க எதிர். எங்கட பக்கத்து வீட்டு அக்காட கதை இது, “என்னகா, இது நுவரெலியாச் செடி, நம்மட சூட்டுக்கு ஒத்து வராது, காசக் கரியாக்காத” எண்டு கடைசி வரைக்கும் சொன்னவ. அவ மட்டுமில்ல, நிறைய பேர் இது குளிர்ச் செடி எண்டுதான் நினைச்சுக்கிட்டு இருக்கிறாங்க. உண்மையில இதுட தாய்நாடு கொலம்பியாவும் ஈக்குவடோரும், அங்க சூடும் ஈரமும் சேந்த மழைக்காட்டுல மரத்து நிழலுக்குக் கீழயும் மரக்கொப்புலயும் வளர்றது. சூடு இருக்கணும், ஈரக்காத்து இருக்கணும், நேரடி வெயில் படக்கூடாது. இது மூண்டையும் சேத்துப் பாருங்க, நம்மட மாரியில கூரைக்குக் கீழ இருக்கிற விறாந்தை அப்பிடியே அதுதானே! இதுக்குக் கஷ்டகாலம் மாரி இல்ல, வைகாசிக்குப் பிறகு தென்மேற்கால அடிக்கிற கச்சான் காத்துதான், அந்தக் காஞ்ச சூட்டுல வாங்கி வச்சு இலை கருகினதப் பார்த்துட்டுத்தான் ஆக்கள் இது கரைச்சல் பிடிச்ச செடி எண்டு முடிவெடுக்கிறது.

ரெண்டு விசயம் பிழைச்சா மட்டும் மாரியிலயும் இது போயிரும். ஒண்டு, வெறும் மண்ணுல நடக்கூடாது. பொச்சுமட்டைய சின்னச் சின்னத் துண்டா வெட்டி ரெண்டு மூண்டு நாள் தண்ணிய மாத்தி மாத்தி ஊறப் போட்டு, அதோட சிரட்டைக்கரியும் உடைஞ்ச செங்கல் துண்டும் கலந்து நடணும், தண்ணி விட்டா உடனே கீழால ஓடிப் போகணும், வேர் காத்துல கிடக்கணும். மற்றது, மழைச் சாரல் இலையில தெறிக்கக் கூடாது. இலை ஓரத்துல தண்ணி ஊறின மாதிரி புள்ளி வந்து, சுத்தி மஞ்சள் கட்டி, கருகிக்கிட்டே போற ஒரு பக்டீரியா நோய் இருக்கு, அது தெறிக்கிற தண்ணியாலதான் செடிக்குச் செடி பரவுறது. மழை வாடைக்காத்தோட வடகிழக்கால அடிக்கிறதால அந்தப் பக்கம் திறந்த விறாந்தை எண்டா உள் சுவரோட ஒட்டி வைங்க. இரவுல நத்தையும் ஏறும், டோர்ச் அடிச்சு ஒருக்கா பார்த்து எடுத்துப் போட்டா காணும்.

இவ்வளவு பார்த்தா அது தாற சந்தோசம் பெரிசு. சிவப்பா மினுங்கிறது உண்மையில பூ இல்ல, நிறம் மாறின இலை, நடுவுல நீட்டி நிக்கிற தண்டுல புள்ளி புள்ளியா இருக்கிறதுதான் பூ, அதனாலதான் ஒருக்கா விரிஞ்சா வாடாம கிழமைக்கணக்குல நிக்குது. செம்பரத்தை ஒரு நாள்ல வாடிரும், ரோசாவ மழை அடிச்சுக் கொட்டிரும். மார்கழி விடிய திருவெம்பாவைக்கு எழும்பி கதவத் திறக்கக்குள்ள, முற்றமெல்லாம் சேறாக் கிடக்கக்குள்ள, விறாந்தையில ரெண்டு சிவப்புப் பூ நிக்கிறதுக்காகவே நான் இத முதலாவதா வைப்பன்.

கற்பூரவள்ளிய இந்தப் போட்டியில சேக்கலாமா எண்டு கேப்பீங்க. மாரிய எடுத்தா நாலுலயும் நலிஞ்சது இதுதான், வெளிச்சம் குறைஞ்சா தண்டு நீண்டு இலை சிறுத்துப் போகும், ரெண்டு நாள் விடாத மழையில விட்டா தண்டு கறுத்து அழுகும். எண்டாலும் இது இல்லாத குசினி எனக்குக் குசினி இல்ல. ஒரு இலைய நசுக்கினாலே வீடு மணக்கும், தொண்டை கரகரக்கிற நேரம் கொத்தமல்லித் தண்ணியில ரெண்டு இலை போட்டு அவிச்சுக் குடிக்கிற இதம் வேற செடி தராது, ரசத்துக்கும் போடலாம். நுனிய அடிக்கடி கிள்ளி எடுத்தா பக்கக் கிளை விட்டு அடர்த்தியாகும். மழைக்கு முதல் நாலஞ்சு நுனிய வெட்டி தனிச் சட்டியில நட்டு, வீட்டுல ஆகக் கூட வெளிச்சம் விழுற யன்னல்ல வைங்க, தாய்ச்செடி போனாலும் இது நிக்கும்.

காத்தச் சுத்தமாக்கும் எண்டு சொல்லி ஸ்னேக் பிளான்ட்டையும் மணி பிளான்ட்டையும் விலை கூட்டி விக்கிறாங்க, அத நம்பி வாங்காதீங்க. 1989ல நாசா செய்த ஆய்வு மூடின சின்னப் பெட்டிக்குள்ள நடந்தது, 2019ல வந்த மீளாய்வு ஒண்டு, வீட்டுல அந்த வேலைய நடத்த ஒரு சதுர மீற்றருக்கு 10 தொடக்கம் 1000 செடி வேணும் எண்டு கணக்குப் போட்டுக் காட்டியிருக்கு. வீட்டுக் காத்து சுத்தமாக யன்னலத் திறந்து விடுறதுதான் வழி.

ஆக என்ட வரிசை அந்தூரியம், மணி பிளான்ட், கற்பூரவள்ளி, கடைசியா ஸ்னேக் பிளான்ட். விறாந்தை இல்லாத வீடு, மேல் மாடி வாடகை அறை எண்டா மணி பிளான்ட்ட முதலாவதாப் போடுங்க. வாங்கிறதெண்டா புரட்டாசி, ஐப்பசிக்குள்ள வாங்குங்க, மழை இறுக முதல் வேர் பிடிச்சிரும். மாரி முடிஞ்சு பங்குனி வெயில் ஏறக்குள்ள அந்தூரியத்தக் காத்து அடிக்காத பக்கம் மாத்தி, தண்ணிய நாளுக்கு ஒருக்கா எண்டு கூட்டிக்கங்க, ஸ்னேக் பிளான்ட்டுக்கும் அப்ப இருந்து பழையபடி ஊத்தலாம்.