ஐ.பி.யா, லோக் அதாலத்தா, சென்னைத் தீர்ப்பாயமா? செட்டிநாட்டுக் கடனாளிக்கு உள்ள வழிகளும், யார் ஐ.பி. கொடுத்தார் என்று தேடும் வழிகளும்

கடன் முற்றினால் காரைக்குடிப் பக்கம் முதலில் காதில் விழும் யோசனை, "பேசாம ஐ.பி. கொடுத்துருங்க" என்பதுதான். ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன், கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் கொடுக்கும் திவால் மனு. கொடுத்த மறுநாளே கடன்காரர்கள் வாசலுக்கு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் கூடவே வரும். அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை. புரோநோட்டுக் கடன்கள் நிறைய இருந்து, ஒன்றிரண்டில் டிக்ரியும் (பணம் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு) ஆகி, கைதுக்கு மனுப் போட்டிருக்கும் நிலையில் ஐ.பி. உதவும். வங்கி அடமானம், நகைக்கடன், செக் கேஸ் (செக் திரும்பிய வழக்கு) ஆகியவைதான் பிரச்சினை என்றால் ஐ.பி. கொடுத்துப் பெரிய பயனில்லை. எவ்வளவு கடன் என்பதைவிட எப்படிப்பட்ட கடன் என்று பார்த்தே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யார் எந்தச் சட்டத்தில் வருகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். தனிநபரும் கடை முதலாளியும் இன்னும் 1920-ஆம் ஆண்டு பிராவின்ஷியல் இன்சால்வென்சி ஆக்டின் கீழேதான் வருகிறார்கள். 2016-இல் வந்த ஐ.பி.சி. என்ற நொடிப்பு, திவால் சட்டம் இதை ரத்து செய்யும் பிரிவோடுதான் வந்தது. ஆனால் அதன் தனிநபர் பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டுமே அமலுக்கு வந்தது. மச்சானின் பிரைவேட் லிமிடெட் கம்பெனி வங்கியில் கடன் வாங்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் உங்களுக்குச் சென்னையிலுள்ள என்.சி.எல்.டி. (தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்). சொந்த ஜவுளிக்கடைக்கு வாங்கிய கடன் என்றால் உள்ளூர் கோர்ட். சென்னையில் குடியிருந்து அங்கேயே தொழில் செய்பவருக்கு 1909-ஆம் ஆண்டின் வேறொரு சட்டம், உயர் நீதிமன்றத்தில். பூர்வீக வீடு பள்ளத்தூரில் இருக்கிறது என்பதற்காக மனுவை இங்கே போட முடியாது. வழக்கமாகக் குடியிருக்கும் இடம், தொழில் நடக்கும் இடம், கைதாகியிருந்தால் காவலில் இருக்கும் இடம் ஆகியவற்றைத்தான் 1920 சட்டத்தின் 11-ஆம் பிரிவு பார்க்கும்.

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடப்பதால் இங்கே அடிக்கடி தவறு நேர்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், கோட்டையூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். இராயவரம், அரிமளம், பொன்னமராவதி, கோனாபட்டு புதுக்கோட்டை மாவட்டம். எல்லை மாறிப் போட்டால் மனு ரிட்டர்ன் ஆகும். அதற்குள் இ.பி.யில் (டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) கோர்ட் அமீனா வந்துவிடலாம்.

ஐ.பி. மனு: என்ன கேட்கும், என்ன தரும்

மனுப் போடக் குறைந்தபட்சக் கடன் 500 ரூபாய். 1920-இல் வைத்த தொகை அப்படியே நிற்கிறது. டிக்ரியை நிறைவேற்றக் கைதாகியோ சிறையிலோ இருந்தாலும், ஜப்தி உத்தரவு நிலுவையில் இருந்தாலும் போடலாம். கடன் கொடுத்தவரும் உங்கள் மீது போடலாம். அதற்கு அவர் பாக்கி 500 ரூபாய்க்குக் குறையக்கூடாது. சொத்தைக் கடன்காரர்களுக்கு எட்டாமல் மாற்றுவது, தலைமறைவாவது, இனித் தரமாட்டேன் என்று நோட்டீஸ் விடுவது போன்ற ஒரு செயல் மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும்.

மனுவோடு இரண்டு பட்டியல்கள் போக வேண்டும். ஒன்றில் கடன் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை. மற்றொன்றில் உங்கள் சொத்து முழுவதும், மதிப்போடும் இருக்கும் இடத்தோடும். கணக்குப் புத்தகங்களையும் கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். முன்பு ஐ.பி. போட்டதுண்டா என்பதையும் சொல்ல வேண்டும். உறவில் வாங்கிய கைமாற்றைப் பட்டியலில் விடுவது வழக்கமான தப்பு. விடப்பட்டவருக்கு நோட்டீஸ் போகாது, பிறகு அவரே வந்து மனுவின் நேர்மையைக் கேள்வி கேட்பார்.

சொத்துப் பட்டியலில்தான் செட்டிநாட்டுச் சிக்கல் முழுவதும் இருக்கிறது. பெரிய வீட்டில் உங்களுக்குப் பத்தில் ஒரு பங்கு இருந்தால், பாகம் பிரிக்காத அந்தப் பங்கு மட்டும், சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடக் கோர்ட் நியமிக்கும் ரிசீவரிடம் போகும். பங்காளிகள் பங்கை யாரும் தொட முடியாது. மனைவி சீராகக் கொண்டுவந்த நகை, வெள்ளி, பாத்திரம் அவருடைய சொந்தச் சொத்து. அதை உங்கள் பட்டியலில் சேர்க்கக்கூடாது. சீர்ப் பட்டியல் எழுதி வைக்கும் பழைய வழக்கம் இங்கே ஆதாரமாகக் கைகொடுக்கும். உடை, சமையல் பாத்திரம், தாலி, கைவினைஞரின் கருவிகள், விவசாயி குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்குச் சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. வட்டிக்கடைக்காரர் வீட்டுக்கு இந்த விலக்கு இல்லை.

மனுவுக்கு முன் வீட்டுப் பங்கை மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதுபவர்கள் 1920 சட்டத்தின் 53-ஆம் பிரிவை மறந்துவிடுகிறார்கள். எழுதி இரண்டு வருடத்துக்குள் மனு வந்து, அதன்மேல் நொடித்தவர் (திவாலானவர்) என்று உத்தரவானால் ரிசீவர் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு. கதவையும் தூணையும் பழம்பொருள் கடையில் விற்றுவிட்டு வருவதற்கும் இதே கேள்வி எழும், அதுவும் கூட்டுச் சொத்து என்றால் பங்காளிகளும் கேட்பார்கள். ஒரே ஒருவரைச் சலுகையாகத் தீர்த்துவிட்டு மூன்று மாதத்துக்குள் மனுப் போட்டால், 54-ஆம் பிரிவில் அந்தக் கொடுக்கல் ரத்தாகலாம்.

மனுப் போட்ட அன்றே எதுவும் நிற்காது என்பதை வக்கீல் குமாஸ்தாக்கள்கூடச் சொல்வதில்லை. நொடித்தவர் என்று கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் அனுமதியில்லாமல் புது வழக்குப் போடமுடியாத நிலை வரும். கைதுக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவையும் அதன் பிறகு 31-ஆம் பிரிவில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நடுவில் ஏலம் வந்துவிட்டால், மனு கோப்பில் எடுக்கப்பட்ட உத்தரவின் நகலோடு இ.பி. கோர்ட்டில் 52-ஆம் பிரிவின்படி மனுக் கொடுங்கள். சொத்தை ரிசீவரிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்கலாம், ஏலம் முடிவதற்குள்.

அடமானம் வைத்துக் கடன் கொடுத்தவர் எந்தக் கட்டத்திலும் தன் அடமானத்தின் மேல் போகலாம். வங்கியின் சர்ஃபாசி நோட்டீஸ் (வழக்குப் போடாமல் அடமானச் சொத்தை எடுக்கும் சட்டத்தில் வருவது), நகைக்கடன் ஏலம் இரண்டுக்கும் இதே நிலைதான். செக் கேஸ் குற்ற வழக்கு என்பதால் ஐ.பி. அதைத் தடுக்காது.

உத்தரவு வந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் கடைசியில் கெடுகிறார்கள். மீதிக் கடனிலிருந்து விடுதலை கேட்கும் விடுவிப்பு மனுப் போட அதே உத்தரவில் ஒரு காலக்கெடு இருக்கும். அதைத் தவறவிட்டால் 43-ஆம் பிரிவில் முழு உத்தரவும் ரத்தாகும், கடன்கள் பழையபடி உயிர்பெறும். கெடுவைக் காலண்டரில் குறித்து வையுங்கள். விடுவிப்புக் கேட்கும்போது சொத்து ரூபாய்க்கு 50 பைசாகூடத் தேறவில்லை என்றால், அது உங்கள் குற்றமில்லை என்று காட்ட வேண்டும். கிடைத்தாலும் அரசுக்குள்ள பாக்கி, மோசடிக் கடன், ஜீவனாம்சம் ஆகியவை தீராது. உங்களுக்கு ஜாமீன் நின்றவரும் விடுபடமாட்டார். விடுவிப்பு வரும்வரை உள்ளாட்சித் தேர்தல் பதவியும் சட்டமன்றமும் கிடையாது. நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவதே குற்றம்.

லோக் அதாலத்

எதிர்த்தரப்பு பேச உட்காரச் சம்மதித்தால், நான்கைந்து கடன்காரர்கள் வரை உள்ள ஆளுக்குச் சமரசம் பேசி முடிக்கும் இந்த மக்கள் நீதிமன்றமே மேல் என்று சொல்வேன். கோர்ட் கட்டணம் இல்லை, நிலுவையில் உள்ள வழக்கு முடிந்தால் கட்டிய கட்டணம் திரும்ப வரும். தாலுகா சட்டப் பணிகள் குழுவில் எழுதிக் கொடுத்தால் போதும். செக் கேஸையும் அதே மேஜையில் முடித்துக்கொள்ளலாம், ஐ.பி.யில் அதற்கு வழியே இல்லை. ஆனால் தீர்வுக்கு அப்பீல் கிடையாது, டிக்ரியைப் போலவே நிறைவேற்றலாம். அதனால் கட்டமுடியாத தவணைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கியோடு பேசித் தொகையைக் குறைத்தால் கடிதம், பாக்கியில்லாச் சான்று, மூலப் பத்திரம் மூன்றும் கைக்கு வரவேண்டும். சிபில் (கடன் வரலாறு) அறிக்கையில் அது முழுதாக அடைத்த கடனாக வராது, பேசித் தீர்த்த கடன் என்றே நிற்கும்.

சென்னைத் தீர்ப்பாயம்

கம்பெனிக்கு ஜாமீன் நின்றவருக்கு மட்டும். விண்ணப்பக் கட்டணம் 2,000 ரூபாய். ஆனால் வக்கீல், நடைமுறையை நடத்தும் தீர்வு நிபுணர் செலவுகள் வேறு. உள்ளூர்ச் சட்டத்தில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: விண்ணப்பம் தாக்கலாகும் தேதியிலிருந்தே ஜாமீன் நின்றவரின் கடன்கள் மீதான நடவடிக்கைகள் நிற்கும். ஏற்றுக்கொண்ட பின் 180 நாள் தடை. திருப்பிச் செலுத்தும் திட்டத்துக்கு, ஓட்டளிக்கும் கடன்காரர்களின் தொகையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆதரவு வேண்டும். வங்கியே உங்களை இங்கே இழுக்கவும் முடியும், ஐ.பி.சி.யின் 95-ஆம் பிரிவில். இந்த நடைமுறை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

யார் ஐ.பி. கொடுத்தார் என்று தேடுவது

இடம் வாங்குபவர், பங்கு சேர்பவர், சம்பந்தம் பேசுபவர் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடு கிடையாது. எனவே எந்தத் தளம் எதைக் காட்டும் என்று தெரிந்து தேட வேண்டும்.

மாவட்டக் கோர்ட்டு வழக்குகளுக்கு இ-கோர்ட்ஸ் தளம் நல்லது. பெயரால் தேடினால் குறைந்தது மூன்று எழுத்தும், பதிவான வருடமும் கேட்கும், வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் தேட வேண்டும். சொக்கலிங்கத்தை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள், முதலெழுத்தும் முன்னும் பின்னும் மாறும். அதற்குப் பதில் வழக்கு வகையில் ஐ.பி.யைத் தேர்ந்து, கோர்ட்டையும் வருடத்தையும் கொடுங்கள். அந்த வருடத்து ஐ.பி.க்கள் பட்டியலாக வரும், கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். நிலுவை, முடிந்தவை இரண்டையும் பாருங்கள். கணினிக்கு முந்தைய வழக்கு இதில் வராமல் போகலாம், அதற்குக் கோர்ட் பதிவேடுதான். வழக்கில் சம்பந்தப்படாதவர் நகல் கேட்டால் காரணம் காட்டி மனுப் போட வேண்டும். ஆர்.டி.ஐ. இதற்கு உதவாது, கோர்ட் நகலுக்குக் கோர்ட் விதியே வழி என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அரசிதழில் நொடித்தவர் என்ற உத்தரவும், அது ரத்தானால் அந்த அறிவிப்பும் வரும். மனுப் போட்டது வராது. ஜாமீன்தாரர், கம்பெனி விவகாரம் என்றால் என்.சி.எல்.டி. தளத்தையும் நொடிப்பு, திவால் வாரியமான ஐ.பி.பி.ஐ. தளத்தின் பொது அறிவிப்புகளையும் பாருங்கள். ஒரு கோடிக்கு மேல் வங்கி வழக்குப் போட்ட கணக்குகளின் பட்டியல் சிபில் தளத்தில் இலவசம்.

வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி இடம் வாங்குவது இங்கே பலர் செய்வது. அடமானம் தெரியும், சார்பதிவாளருக்குக் கோர்ட் அனுப்பியிருந்தால் ஜப்தி தெரியும். ஐ.பி. உத்தரவு அதில் ஏறியிருக்கும் என்று நம்ப முடியாது. விற்பவர் கடந்த இரண்டு வருடத்தில் தானமாகப் பெற்ற சொத்து என்றால், எழுதிக் கொடுத்தவர் பெயரையும் இ-கோர்ட்ஸில் சேர்த்துத் தேடுங்கள்.