ஒன்-பீஸா, டூ-பீஸா: டர்பன் வெக்கையில் ஸ்டோமா பை

மலம் வெளியேற வயிற்றில் ஆபரேஷன் செய்து திறக்கும் வாய்தான் ஸ்டோமா; அதன்மேல் ஒட்டிக்கொள்வது ஸ்டோமா பை. எங்கள் வீட்டில் வயிற்றில் இப்படிப் பை வைத்திருப்பவர்கள் இரண்டு பேர். எனக்கு இலியோஸ்டமி, அதாவது சிறுகுடலிலிருந்து திறந்தது. பெரியப்பாவுக்குப் பெருங்குடலிலிருந்து திறந்த கோலோஸ்டமி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரே வீடு, ஒரே சமையல். ஆனாலும் அவருக்கு ஒத்துவரும் பை எனக்கு ஒத்துவராது. எந்தப் பை நல்லது என்று யாராவது கேட்டால், வெளியே வருவது தண்ணியா, கெட்டியா என்றுதான் நான் முதலில் கேட்பேன். பாதி முடிவு அதிலேயே கிடைத்துவிடும்.

அடி திறக்கும் பையா, மூடிய பையா என்பதில் குழப்பமே வேண்டாம். எனக்கு வருவது கூழ் பதம், ஓயாமல் வரும். இலியோஸ்டமியில் நாளைக்கு அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்பது சாதாரணம். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்துவிட வேண்டும். பாதிக்கு மேல் விட்டால் கனத்தில் ஒட்டு இழுபட்டுக் கசியும். நாளைக்கு ஐந்தாறு முறை கழிப்பறைக்குப் போகிறவருக்கு மூடிய பை கட்டுப்படியாகுமா? அடி திறக்கும் பைதான். பெரியப்பாவுக்கோ கெட்டியாக, ஒன்றிரண்டு முறைதான் போகும். கெட்டியானதைக் குறுகிய வாய் வழியே பிதுக்குவது பெரும்பாடு. அவர் மூடிய பையைக் கழற்றி, சின்ன பிளாஸ்டிக் பையில் முடிந்து குப்பையில் போட்டுவிடுகிறார். பையைக் கழிப்பறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும்.

உண்மையான போட்டி ஒன்-பீஸுக்கும் டூ-பீஸுக்கும்தான். ஒன்-பீஸில் ஒட்டும் தட்டும் பையும் சேர்ந்தே இருக்கும். மாற்றினால் முழுசாக உரித்துப் புதுசு ஒட்ட வேண்டும். டூ-பீஸில் தட்டு தோலிலேயே இருக்கும், பையை மட்டும் கழற்றி மாட்டலாம். தட்டு மூன்று நான்கு நாள் தாங்கும், தோல் அடிக்கடி உரிபடாது என்பதுதான் டூ-பீஸின் பெரிய பலம். நாளைக்கு இரண்டு பை மாற்றும் பெரியப்பா போன்றவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஒன்-பீஸ் மூடிய பை என்றால் ஒவ்வொரு முறையும் வயதான தோலை உரிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் டர்பனில் ஜனவரி, பிப்ரவரி வெக்கை இருக்கிறதே, அது கணக்கையே மாற்றிவிடும். வியர்வையில் தட்டின் ஓரம் ஊறி நெகிழ்ந்துவிடும். நான்கு நாள் தாங்க வேண்டியது இரண்டாம் நாளே எழும்பத் தொடங்கும். (தைப்பூசக் காவடியும் இதே வெயிலில்தான் வருகிறது. விரதம் இருக்கும் இலியோஸ்டமிக்காரர்கள் தண்ணீரையும் உப்பையும் குறைத்துவிடாதீர்கள், நமக்கு அது இரண்டும் வேகமாக வெளியேறிவிடும்.) தட்டையே இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுவதாக இருந்தால் டூ-பீஸால் எனக்கு என்ன லாபம்? ஒன்-பீஸ் மெல்லியது, உட்கார்ந்தால் வயிற்றோடு வளையும், வேட்டிக்கும் சட்டைக்கும் அடியில் தெரியாது, தட்டும் பையும் சேரும் இடம் என்று கசிய ஒரு வழியும் கிடையாது. அதனால் என் ஓட்டு ஒன்-பீஸுக்கு. டூ-பீஸ் வளையத்தை அழுத்தி மாட்ட விரலில் பலமும் வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் வாங்குமுன் மாட்டிப் பார்க்கட்டும். ஒரு கம்பெனித் தட்டில் இன்னொரு கம்பெனிப் பை பெரும்பாலும் பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரை நம்பியிருந்தது. குழாயில் தண்ணீர் நின்றுபோவது இந்தப் பக்கம் இன்றும் புதிதல்ல. பையை ஒவ்வொரு முறையும் உள்ளே தண்ணீர் விட்டு அலசுகிறவர்கள் அந்த நாட்களில் திண்டாடிப் போவார்கள். அலசத் தேவையே இல்லை. அலசினால் நாற்றத்தை இழுக்கும் கரி ஃபில்டர் நனைந்து வேலை செய்யாமல் போகும்.

நான் செய்வது இதுதான். கழிப்பறைப் பேசினில் முதலில் இரண்டு துண்டு டிஷ்யூவைப் போடுவேன், மேலே தெறிக்காது. நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, பையின் வாலை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் மடிப்பைப் பிரிப்பேன். பிறகு மெதுவாகக் கீழே இறக்கி, மேலிருந்து விரலால் வழித்துவிடுவேன். கடைசியாகப் பை வாயின் உள் விளிம்பைச் சுற்றி டிஷ்யூவால் ஒரு ஒற்றலாவது ஒற்ற வேண்டும். நாற்றம் வருகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு அது வருவது அந்த விளிம்பிலிருந்துதான். அப்புறம் மடித்து ஒட்டினால் வேலை முடிந்தது. ஒரு வாளித் தண்ணீர் பேசினுக்குப் போதும்.

மாற்றுவதற்கு விடியற்காலை, டீ குடிப்பதற்கு முன்னால்தான் நல்ல நேரம். குடல் அடங்கியிருக்கும். தட்டை வெடுக்கென்று இழுக்காமல், தோலை அழுத்திக்கொண்டே மேலிருந்து விலக்க வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். எண்ணெய்ப் பசையுள்ள சோப்போ பேபி வைப்ஸோ பட்டால் புதுத் தட்டு ஒட்டாது. ஒற்றித் துடைத்துக் காயவிட்டு, ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாகத் துளை வெட்டி ஒட்டி, உள்ளங்கைச் சூட்டில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துளை பெரிதானால் இலியோஸ்டமியில் தோல் வெந்துவிடும்.

இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் எதையும் பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள், முக்கியமாக முன்பே துளை வெட்டிய பைகளை. ஸ்டோமா முதல் ஆறு முதல் எட்டு வாரம் சுருங்கிக்கொண்டே வரும். அதுவரை வாரத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்து, வெட்டிக்கொள்ளும் வகையையே பயன்படுத்துங்கள். இரண்டு வகையிலும் சாம்பிள் வேண்டும் என்று ஸ்டோமா நர்ஸிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.